ஆசிரியர் படிவத்திலிருந்து நூல் படிவத்திற்கு: தரவுத்தளத்தில் தொடர்புடைய பதிவைத் திறக்கும் முறையும் அதன் ஆய்வுப் பொறுப்பும்

முன்னுரை

தமிழ் இலக்கிய ஆய்வில் நூலடைவுகளுக்குத் தனி இடம் உண்டு. எந்த நூலை யார் எழுதினார், எந்த ஆண்டில் அது வெளிவந்தது என்பன தெளிந்த பின்னரே அந்நூல் பற்றிய திறனாய்வு தொடங்க இயலும். முன்னர் அட்டைகளிலும் குறிப்பேடுகளிலும் பேணப்பட்ட அடைவுகளை இன்று ஆய்வாளர்களும் தமிழாசிரியர்களும் தத்தம் கணினியிலேயே அமைத்துக் கொள்கின்றனர். இதற்குப் பரவலாகப் பயன்படுவது, 1992ஆம் ஆண்டில் அறிமுகமான மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளாகும்.

இம்மென்பொருளில் அடைவு ஒன்றை அமைப்போர் விரைவிலேயே எதிர்கொள்ளும் தேவை ஒன்று உண்டு. ஓர் ஆசிரியரின் விவரங்களைத் திரையில் பார்த்துக் கொண்டிருக்கும்போது, ஒரு பொத்தானை அழுத்தினால் அவ்வாசிரியரின் நூல்கள் மட்டும் வேறொரு படிவத்தில் திறக்க வேண்டும். கேட்பதற்கு இஃது எளிய செயல். ஆனால் 'அவ்வாசிரியரின்' என்னும் சொல்லைக் கணினி எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதில்தான் முழு அடைவின் நம்பகத்தன்மையும் அடங்கியுள்ளது. இச்செயலின் முறையினையும், அதில் நேரும் பிழைகளையும், அப்பிழைகள் ஆய்வைத் தாக்கும் விதத்தினையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டவணை, பதிவு, படிவம்

முதலில் அடிப்படைக் கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரே வகையான செய்திகளைத் தொகுத்து வைக்கும் இடம் அட்டவணை. அதன் ஒவ்வொரு வரிசையும் ஒரு பதிவு. பதிவின் ஒவ்வொரு கூறும் ஒரு புலம். அட்டவணையில் உள்ள செய்தியைத் திரையில் வசதியாகக் காட்டவும் திருத்தவும் உதவும் முகப்பே படிவம். படிவம் தன்னளவில் எதனையும் சேமித்து வைப்பதில்லை. அது அட்டவணையைப் பார்க்கும் ஒரு சாளரம் மட்டுமே.

நம் அடைவில் இரண்டு அட்டவணைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று ஆசிரியர் அட்டவணை. மற்றொன்று நூல் அட்டவணை. ஓர் ஆசிரியருக்குப் பல நூல்கள் இருக்கலாம் என்பதால், ஆசிரியரின் பிறப்பாண்டு, ஊர், வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றை ஒவ்வொரு நூலுடனும் திரும்பத் திரும்ப எழுதுவது வீண்வேலை. மேலும், ஓரிடத்தில் திருத்திப் பிறிதோரிடத்தில் திருத்தாமல் விட்டால் முரண்பாடு தோன்றும். எனவே ஆசிரியர் பற்றிய செய்தியை ஒரே ஒருமுறை எழுதி, நூல் பதிவில் அவரைச் சுட்டும் குறிப்பு ஒன்றை மட்டும் வைக்கிறோம்.

இந்த அணுகுமுறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டவர் எட்கர் கோட் ஆவார். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்தார். முதன்மைத் திறவுகோல், அயல் திறவுகோல் என்னும் கருத்துகளும் அக்கட்டுரையிலேயே இடம்பெற்றன. ஒரு பதிவை ஐயத்திற்கிடமின்றி அடையாளம் காட்டுவது முதன்மைத் திறவுகோல். அதே மதிப்பு வேறோர் அட்டவணையில் சுட்டியாக நிற்கும்போது அஃது அயல் திறவுகோல் எனப்படும். நம் அடைவில், ஆசிரியர் அட்டவணையில் உள்ள 'ஆசிரியர் எண்' முதன்மைத் திறவுகோல்; நூல் அட்டவணையில் உள்ள 'ஆசிரியர் எண்' அயல் திறவுகோல்.

பெயரால் இணைப்பதில் உள்ள இடர்

தொடக்க நிலையில் இருப்போர் பலரும், 'எண் எதற்கு? பெயரே போதாதா?' என வினவுவர். வினா இயல்பானதே. படிவத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது பெயர். நூலின் முகப்பில் அச்சாகியிருப்பதும் பெயர். ஆயினும் பெயரால் இணைத்தால் என்ன நேரும் என்பதைத் தமிழிலக்கிய மாணவர் அனைவரும் அறிந்த ஒரு பெயரைக் கொண்டே காணலாம்.

ஔவையார் என்னும் பெயரை எடுத்துக் கொள்வோம். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய சங்கப் புலவர் ஔவையார். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றை இயற்றியவராகப் போற்றப்படுபவரும் ஔவையார். இவ்விருவரும் ஒருவர் அல்லர் என்பதில் ஆய்வாளரிடையே ஐயமில்லை. ஔவையார் மொத்தம் எத்தனை பேர் என்பதில்தான் கருத்து வேறுபாடு உண்டு. அடைவில் பெயரை நிபந்தனையாக வைத்துப் பொத்தான் அமைத்தால், சங்கப் புலவரின் படிவத்திலிருந்து அழுத்தினாலும் ஆத்திசூடி வந்து நிற்கும். கணினி பிழை எதனையும் அறிவிக்காது. ஏனெனில் அதன் பார்வையில் பிழை ஏதுமில்லை. ஆயினும் ஓர் இலக்கிய வரலாற்றுத் தீர்ப்பு அங்கே நம்மையறியாமல் வழங்கப்பட்டு விடுகிறது. நக்கீரர், கபிலர், பரணர் ஆகியோரும் இதே சிக்கலுக்கு உரியவர்களே. பதினோராம் திருமுறையில் இடம்பெறும் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் ஆகியோரைச் சங்கப் புலவர்களோடு கலந்துவிட்ட பட்டியலை நம்பி ஒரு மாணவர் கட்டுரை எழுதினால், பிழை மாணவருடையது மட்டுமன்று.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. ஒருவருக்கே பல பெயர்கள் வழங்குவது தமிழ் எழுத்துலகின் மரபு. புதுமைப்பித்தன் என்பவரும் சொ. விருத்தாசலம் என்பவரும் ஒருவரே. கல்கி என்பவரும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்பவரும் ஒருவரே. கல்கி என்பது ஓர் இதழின் பெயராகவும் இருப்பது கூடுதல் சிக்கல். நம் நாட்டுச் சூழலில், எழுத்தாளர் ஒருவரின் பெயர் அடையாள அட்டையில் மகன், மகள் எனக் குறிக்கும் மலாய்ச் சொற்களின் சுருக்கத்தோடு ஒருவகையாகவும், நூலின் முகப்பில் தலைப்பெழுத்தோடு வேறுவகையாகவும், இதழ்களில் புனைபெயராக மற்றொரு வகையாகவும் அமைவதைக் காண்கிறோம். பெயரால் இணைத்தால் ஒருவர் மூவராகப் பிரிந்து போவார்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

பெயரும் ஒன்று, ஆளும் ஒருவரே எனக் கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. தமிழைக் கணினியில் உள்ளிடும் முறையிலேயே வேறுபாடுகள் நுழைந்து விடுகின்றன.

மீண்டும் ஔவையாரையே எடுத்துக் கொள்வோம். யூனிகோட் குறியீட்டில் 'ஔ' என்பது ஓர் எழுத்து. அதற்கெனத் தனிக் குறியெண் உண்டு. ஆனால் தட்டச்சு செய்வோர் பலர் 'ஒ' என்னும் உயிரெழுத்தை அடுத்து 'ள' என்னும் உயிர்மெய்யை இட்டு 'ஒளவையார்' என அமைத்து விடுகின்றனர். திரையிலும் தாளிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ இவை வேறு வேறு சொற்கள். 'அவ்வையார்' என எழுதுவோரும் உளர். ஆக, ஒரே பெயர் மூன்று வடிவங்களில் அட்டவணையில் அமர்ந்திருக்க, பொத்தானை அழுத்தினால் ஒரு வடிவத்திற்குரிய நூல்கள் மட்டுமே வரும். மற்றவை இல்லாதவை போல மறைந்திருக்கும்.

ஒகர, ஓகார உயிர்மெய்களிலும் இதே நிலைதான். 'கோ' என்பதைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியெண்களில் சேமிக்கலாம். ககரம், ஏகாரக் குறி, கால் என மூன்று குறியெண்களிலும் சேமிக்கலாம். இவை நிகரானவை என யூனிகோட் நெறி கூறினும், ஒரே வடிவத்திற்கு மாற்றாமல் குறியெண்களை நேருக்கு நேர் ஒப்பிடும் மென்பொருள் இவற்றை வேறெனவே கொள்ளும். 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் பெயரில் இவ்வேறுபாட்டோடு, தலைப்பெழுத்தின் புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா இல்லையா என்பதும், 'தமிழவேள்' என்னும் அடைமொழி சேர்ந்துள்ளதா என்பதும் கூடிக்கொள்ளும். யூனிகோட் பரவுவதற்கு முன் பல்வேறு எட்டு பிட்டுக் குறியீடுகளில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய கோப்புகளை மாற்றிச் சேர்த்திருப்போர் இவ்வேறுபாடுகளைக் கூடுதலாகவே காண்பர்.

ஆகவே பெயர் என்பது மனிதர் படிப்பதற்கு. எண் என்பது கணினி இணைப்பதற்கு. இவ்விரு பணிகளையும் ஒன்றோடொன்று கலக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் அடிப்படை நிலைப்பாடாகும்.

பொத்தான் அமைக்கும் முறை

இனிச் செயல்முறைக்கு வருவோம். ஆசிரியர் படிவத்தை வடிவமைப்பு நிலையில் திறந்து, கட்டளைப் பொத்தான் ஒன்றை அதில் இட்டால், விசார்ட் எனப்படும் வழிகாட்டி தோன்றும். அதில் படிவம் தொடர்பான செயல்களுள் 'படிவத்தைத் திற' என்பதனைத் தேர்ந்து, நூல் படிவத்தைச் சுட்ட வேண்டும். அடுத்து வழிகாட்டி ஒரு வினாவை எழுப்பும்: எல்லாப் பதிவுகளையும் காட்டவா, குறிப்பிட்ட பதிவுகளைக் கண்டு காட்டவா? இரண்டாவதனைத் தேர்ந்தால், இரு படிவங்களின் புலங்களும் அருகருகே பட்டியலிடப்படும். இரு பக்கத்திலும் 'ஆசிரியர் எண்' புலத்தைத் தேர்ந்து இணைக்க வேண்டும். பெயர்ப் புலமும் அதே பட்டியலில் இருக்கும். அதனைத் தேர்ந்தாலும் வழிகாட்டி தடுக்காது. மேலே கூறிய இடர்கள் அனைத்தும் தொடங்கும் இடம் இதுவே.

2003 வரையிலான பதிப்புகளில் இவ்வழிகாட்டி விஷுவல் பேசிக் நிரலை எழுதித் தந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் பொத்தானுக்குள்ளேயே பொதிந்த மேக்ரோவை உருவாக்கித் தருகிறது. இரண்டிலும் அடிப்படைச் செயல் ஒன்றே. அதன் பெயர் 'ஓப்பன்ஃபார்ம்'. நிரலாக எழுதும்போது இதற்கு ஏழு உள்ளீடுகள் உண்டு: படிவத்தின் பெயர், காட்சி வகை, வடிகட்டும் வினவலின் பெயர், நிபந்தனை, தரவு நிலை, சாளர நிலை, உடன் அனுப்பும் செய்தி. இவற்றுள் நமக்கு இன்றியமையாதது நான்காவதாகிய நிபந்தனை. இடையில் உள்ளவற்றை வெறுமையாக விட்டாலும் அவற்றுக்குரிய காற்புள்ளிகளை இடவேண்டும். ஒரு காற்புள்ளி குறைந்தால் நிபந்தனை மூன்றாம் இடத்திற்கு நகர்ந்து, வினவலின் பெயராகக் கொள்ளப்பட்டு விடும்.

நிபந்தனை பின்வருமாறு அமையும். புலத்தின் பெயரை விளக்க வசதிக்காகத் தமிழிலேயே தருகிறோம்.

ஆசிரியர்_எண் = 12

இதில் 12 என்பதை நாம் நேரடியாக எழுதுவதில்லை. 'ஆசிரியர்_எண் =' என்னும் பகுதியை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு, அதனோடு திரையில் உள்ள ஆசிரியர் பதிவின் எண்ணை இணைப்புக் குறியால் சேர்க்கிறோம். பொத்தானை அழுத்தும் கணத்தில் அங்கு எந்த எண் உள்ளதோ அதுவே நிபந்தனையில் வந்து அமரும்.

இவ்விடத்தில் மூன்று செய்திகளைக் கருத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ள புலம், திறக்கப்படும் நூல் படிவத்தின் தரவு மூலத்தில் இருக்க வேண்டும். திரையில் தோன்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அது தரவு மூலத்தில் இல்லாவிடினும், பெயரில் ஓரெழுத்து பிழைபட்டாலும், ஆக்சஸ் அச்சொல்லைப் புரிந்துகொள்ள இயலாமல் அதன் மதிப்பைத் தருமாறு ஒரு சிறு பெட்டியில் நம்மையே கேட்கும். பலரையும் திகைக்கச் செய்யும் அப்பெட்டியின் பொருள் இதுவே.

இரண்டாவது, எண்ணை எந்தக் குறியும் இன்றி எழுதலாம்; எழுத்துத் தொடராயின் மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டும். எழுத்துத் தொடரால் இணைப்போருக்கு இதனால் மற்றுமோர் இடர் உண்டு. டி'குரூஸ் போன்ற குடும்பப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது நடுவே வரும் ஒற்றைக் குறி, நிபந்தனையின் மேற்கோளை இடையிலேயே முடித்துவிடும். கட்டளை பிழையாகி நின்றுவிடும்.

மூன்றாவது, தமிழ்ப் பயனர்களுக்கே உரியது. ஆக்சஸ் 2000 பதிப்பு முதல் அட்டவணையில் யூனிகோட் தமிழைச் சேமிக்க இயலும். ஆனால் விஷுவல் பேசிக் நிரலை எழுதும் சாளரம் யூனிகோடை ஏற்பதில்லை. தமிழ் எழுத்துகள் அங்கு வினாக்குறிகளாக மாறிவிடும். ஆதலின் அட்டவணை, புலம், படிவம், பொத்தான் ஆகியவற்றின் உட்பெயர்களை ரோமன் எழுத்தில் சுருக்கமாக அமைத்து, பயனர் காணும் தலைப்புகளை மட்டும் தமிழில் இடுவதே நடைமுறைக்கு உகந்தது. புலத்தில் உள்ள தமிழ்ச் செய்தியை நிரல் எடுத்துச் செல்வதில் தடையேதும் இல்லை; நிரலுக்குள் தமிழைத் தட்டச்சு செய்வதில்தான் தடை.

திறக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வழிகாட்டி தரும் கட்டளை இயங்கும். ஆனால் அது முழுமையானதன்று. இரண்டு சோதனைகளை நாமே சேர்க்க வேண்டும்.

ஆசிரியர் படிவத்தில் புதிய வெற்றுப் பதிவு திறந்திருக்கும்போது பொத்தானை அழுத்தினால், ஆசிரியர் எண் இன்னும் இல்லை. நிபந்தனை, சமக்குறிக்குப் பின் ஏதுமின்றி நிற்கும்; ஆக்சஸ் அதனைத் தொடரமைப்புப் பிழையாக அறிவிக்கும். எனவே எண் வெறுமையாக உள்ளதா எனச் சோதித்து, வெறுமையாயின் 'முதலில் ஆசிரியர் விவரத்தைப் பதிவு செய்க' எனப் பயனருக்கு அறிவித்து நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து, திரையில் திருத்திக் கொண்டிருக்கும் பதிவு அட்டவணையில் இன்னும் சேமிக்கப்படாமல் இருக்கலாம். புதிய ஆசிரியரின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் தானியங்கி எண் தோன்றிவிடுவதால், பதிவு சேமிக்கப்பட்டு விட்டதாக நாம் எண்ணி மயங்குகிறோம். உண்மையில் அது திரையில் மட்டுமே உள்ளது. அந்நிலையில் நூல் படிவத்தைத் திறந்து ஒரு நூலைச் சேர்த்தால், தொடர்பு ஒழுங்கு வலியுறுத்தப்பட்ட அட்டவணை, 'அத்தகைய ஆசிரியர் எவரும் இல்லை' என்று கூறி நூலை ஏற்க மறுக்கும். இதனைத் தவிர்க்க, படிவத்தைத் திறக்கும் வரிக்கு முன்பாக, நடப்புப் படிவத்தின் 'டர்ட்டி' என்னும் பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அது பதிவை உடனே சேமிக்கச் செய்யும்.

காணாமற்போன நூல்கள்

இச்செயலில் மிகுந்த சேதம் விளைவிக்கும் பிழை, படிவம் திறந்த பின்னரே நேர்கிறது. அதனை எங்கள் பட்டறிவிலிருந்தே கூறலாம்.

நாங்கள் அமைத்த அடைவு ஒன்றில், ஆசிரியர் படிவத்திலிருந்து நூல் படிவம் முறையாகவே திறந்தது. ஆசிரியர் பெயர் முதற்படிவத்தில் உள்ளதே என்று, நூல் படிவத்தில் அதனைக் காட்டவில்லை. உதவிக்கு வந்த மாணவர்கள் ஒரு பிற்பகல் முழுவதும், ஒவ்வோர் ஆசிரியராகத் தேர்ந்து, நூல் படிவத்தைத் திறந்து, புதிய நூல்களைப் பதிந்தனர். மறுநாள் ஆசிரியர் படிவத்திலிருந்து பொத்தானை அழுத்தியபோது அந்நூல்களுள் ஒன்றையும் காணவில்லை. அட்டவணையைத் திறந்து பார்த்தோம். நூல்கள் அனைத்தும் அங்கிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆசிரியர் எண் புலம் மட்டும் வெறுமையாக இருந்தது.

காரணம் எளிது. நிபந்தனை என்பது இருக்கும் பதிவுகளுள் எவற்றைக் காட்டுவது என்பதை முடிவு செய்யும் ஒரு வடிகட்டி மட்டுமே. புதிதாகச் சேர்க்கப்படும் பதிவில் அந்த எண்ணை எழுதும் பணி அதனுடையதன்று. 12ஆம் ஆசிரியரின் நூல்களைக் காட்டும் படிவத்தில் புதிய நூலைச் சேர்ப்பவர், அது தானாகவே 12ஆம் ஆசிரியருக்கு உரியதாகிவிடும் என எண்ணுகிறார். படிவமோ அவ்வாறு எண்ணுவதில்லை. நூல் பதிவாகிறது; ஆசிரியர் பதிவாவதில்லை.

அன்று பதிந்த நூல்களுள் பல, எழுத்தாளர்கள் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்கிய கவிதைத் தொகுதிகள். இரவல் பெற்ற படிகளை அதற்குள் உரியவர்களிடம் திருப்பித் தந்திருந்தோம். மீண்டும் தேடிச் சென்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இரண்டு தலைப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் யாரென்பதை இன்றுவரை எங்களால் உறுதி செய்ய இயலவில்லை. ஒரு வரி நிரல் இல்லாமையால், இருவருடைய எழுத்துப் பணியின் ஒரு பகுதி பெயரற்றுப் போயிற்று.

இதற்குரிய தீர்வு இரு நிலைகளில் அமைய வேண்டும். முதல்நிலை, படிவத்தில். 'ஓப்பன்ஃபார்ம்' கட்டளையின் ஏழாவது உள்ளீடாகிய உடன் அனுப்பும் செய்தியில் ஆசிரியர் எண்ணை வைத்து அனுப்ப வேண்டும். நூல் படிவம் ஏற்றப்படும் நிகழ்வில், அவ்வெண்ணை எடுத்து, ஆசிரியர் எண் கட்டுப்பாட்டின் இயல்பு மதிப்பாக அமைக்க வேண்டும். அதன்பின் சேர்க்கப்படும் ஒவ்வொரு புதிய நூலும் அந்த எண்ணைத் தானே பெறும். நேரடியாக மதிப்பை எழுதாமல் இயல்பு மதிப்பாக வைப்பதற்குக் காரணம் உண்டு. நேரடியாக எழுதினால், பயனர் எதனையும் தட்டச்சு செய்யாமல் மூடினாலும் வெற்று நூல் பதிவு ஒன்று உருவாகிவிடும்.

இரண்டாம் நிலை, அட்டவணையில். நூல் அட்டவணையின் ஆசிரியர் எண் புலத்தைக் கட்டாயப் புலமாக்க வேண்டும். தொடர்பு ஒழுங்கை வலியுறுத்தினாலே போதும் எனச் சிலர் கருதுவர். அது போதாது. இல்லாத ஆசிரியரைச் சுட்டும் எண்ணை அவ்வொழுங்கு தடுக்கும். வெறுமையான புலத்தைத் தடுக்காது. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ஆசிரியரற்ற நூல் அடைவில் நுழையாது. படிவத்தில் உள்ள நிரல் வசதிக்காக. அட்டவணையில் உள்ள விதி பாதுகாப்பிற்காக.

நூல் படிவத்தின் தலைப்பகுதியில் ஆசிரியரின் பெயரைத் திருத்த இயலாதவாறு காட்டுவதும் நன்று. வடிகட்டியைப் பயனர் ஒரு சொடுக்கில் நீக்கிவிட முடியும். நீக்கினால் எல்லா ஆசிரியர்களின் நூல்களும் திரையில் வந்துவிடும். பெயர் எதிரே நின்றால், தாம் யாருடைய நூலைத் திருத்துகிறோம் என்பதைத் தட்டச்சு செய்பவர் அறிவார்.

திரும்பி வருதல்

நூல் படிவத்தை மூடி ஆசிரியர் படிவத்திற்குத் திரும்பும்போது, அங்குள்ள நூற்பட்டியலில் புதிய நூல் உடனே தோன்றுவதில்லை. பட்டியல் மீண்டும் வினவப்பட வேண்டும். இதற்கு எளிய வழி, நூல் படிவத்தைத் திறக்கும்போது சாளர நிலையை உரையாடல் நிலையாக அமைப்பது. அந்நிலையில், நூல் படிவம் மூடப்படும் வரை முதற்படிவத்தின் நிரல் காத்திருக்கும். மூடியவுடன் அடுத்த வரியில் பட்டியலை மறுவினவல் செய்யலாம். படிவம் முழுவதையும் மறுவினவல் செய்தால் திரை முதல் ஆசிரியருக்குத் தாவிவிடும் என்பதால், பட்டியல் கட்டுப்பாட்டை மட்டும் செய்வது சிறப்பு.

நூல் படிவம் முன்னரே திறந்திருந்தால், அதனை மூடிவிட்டுத் திறப்பதே பாதுகாப்பானது. திறந்திருக்கும் படிவத்தில் ஏற்றப்படும் நிகழ்வு மீண்டும் நடைபெறாது. எனவே இயல்பு மதிப்பில் முந்தைய ஆசிரியரின் எண்ணே எஞ்சி நிற்கும். அது வெறுமையைக் காட்டிலும் தீயது. வெறுமை கண்ணுக்குப் புலப்படும். தவறான ஆசிரியர் எளிதில் புலப்படார்.

உட்படிவமும் தனிப்படிவமும்

ஆசிரியர் படிவத்திற்குள்ளேயே நூல்களை உட்படிவமாக வைத்தால் இத்தொல்லைகள் இராவே எனக் கேட்கலாம். உண்மைதான். உட்படிவத்தில் இணைப்புப் புலங்களைக் குறித்துவிட்டால், புதிய பதிவுக்கும் ஆசிரியர் எண்ணை ஆக்சஸே எழுதிவிடும். நூலுக்குத் தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் என நான்கைந்து புலங்களே இருப்பின் உட்படிவமே போதுமானது; தொடக்க நிலையினருக்கு அதனையே பரிந்துரைக்கிறோம். பதிப்புகள், பக்க எண்ணிக்கை, உள்ளடக்கம், மதிப்புரைகள், படி கிடைக்குமிடம் என விரியும் பதிவுக்குத் தனிப்படிவம் வேண்டும். உட்படிவத்தில் சுருக்கப் பட்டியலைக் காட்டி, ஒரு நூலைச் சொடுக்கினால் அந்நூலின் விரிவான பதிவு மட்டும் தனிப்படிவத்தில் திறக்குமாறு அமைப்பது இரண்டின் நன்மையையும் தரும். அப்போது நிபந்தனையில் வர வேண்டியது நூலின் எண்.

பலர் பங்கேற்ற நூலும் பல பெயர் கொண்ட ஆசிரியரும்

இதுவரை ஒரு நூலுக்கு ஓராசிரியர் எனக் கொண்டோம். தமிழ் நூலுலகில் இது போதாது. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றை எடுத்துக் கொண்டால், பாடிய புலவர் பலர், பதிப்பாசிரியர் ஒருவர். இத்தகைய நூல்களுக்கு ஆசிரியர், நூல் அட்டவணைகளுக்கு நடுவே 'பங்கு' என்னும் மூன்றாவது அட்டவணை தேவை. ஆசிரியர் எண், நூல் எண், பங்கின் வகை ஆகிய மூன்றும் அதில் இருக்கும். பங்கின் வகை என்பது இயற்றியவர், பதிப்பித்தவர், உரை எழுதியவர், மொழிபெயர்த்தவர் என்றவாறு அமையும். அப்போது ஒரே உ.வே.சா. பதிவிலிருந்து அவர் பதிப்பித்தவற்றைத் தனியாகவும், எழுதியவற்றைத் தனியாகவும் திறக்கலாம். நிபந்தனையில் பங்கின் வகையையும் சேர்த்தால் போதும்.

அதேபோல் பெயர் வடிவங்களுக்கும் தனி அட்டவணை வைக்கலாம். ஒவ்வொரு பெயர் வடிவமும் ஒரு பதிவு. ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியர் எண்ணைச் சுட்டும். புதுமைப்பித்தன் எனத் தேடினாலும் சொ. விருத்தாசலம் எனத் தேடினாலும் ஒரே ஆசிரியர் படிவம் திறக்கும். 'ஒளவையார்' எனப் பிழையாகத் தட்டச்சு செய்வோரும் உரிய இடத்தை அடைவர். ஆனால் அங்கே எந்த ஔவையார் என்னும் வினா எழும். பட்டியலில் இருவரும் காட்டப்பட, பயனர் தேர்ந்து செல்வார். நூலகத்துறையினர் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் பெயர்க் கட்டுப்பாட்டு நெறியின் சிற்றுருவமே இது.

இவ்வமைப்பின் பெரும்பயன், ஆய்வு முடிவு மாறும்போது தெரியவரும். விநாயகர் அகவலை எந்த ஔவையாருக்கு உரியதாகக் கொள்வது என்பதில் நம் கருத்து மாறினால், ஒரு பதிவில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். இருவராகக் கருதியவர் ஒருவரே எனத் தெளிந்தால், ஓர் எண்ணுக்கு உரியவற்றை மற்றோர் எண்ணுக்கு மாற்றலாம். பெயர் வடிவங்களும் அச்சான சான்றுகளும் இருந்தவாறே இருக்கும்.

முடிவுரை

ஒரு படிவத்திலிருந்து மற்றொரு படிவத்தைத் திறத்தல் என்பது கணினித் துறையினருக்குச் சிறு செயல். அடைவை நம்பிப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் ஆய்வேடு எழுதும் மாணவருக்கும் அது, 'இந்நூல் இவருடையது' என்னும் கூற்றாக வந்து சேர்கிறது. அக்கூற்றுக்குப் பொறுப்பு மென்பொருளுடையதன்று. அடைவை அமைத்த நம்முடையது.

எனவே அடைவு வைத்திருப்போர் இன்றே மூன்றனைச் சோதித்துப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறோம். தம் பொத்தானின் நிபந்தனையில் இருப்பது பெயரா, எண்ணா? நூல் அட்டவணையின் ஆசிரியர் எண் கட்டாயப் புலமாக உள்ளதா? அப்புலம் வெறுமையாக உள்ள நூல்கள் எவையேனும் ஏற்கெனவே உள்ளனவா? மூன்றாவதற்கு ஓர் எளிய வினவல் போதும். அவ்வினவல் ஏதேனும் நூலைக் காட்டுமாயின், முகப்பில் பெயர் அச்சான படி கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதே அதற்குரிய ஆசிரியரைத் தேடி இணைத்துவிட வேண்டும்.